பிள்ளைப்பேற்றுக்கு 'லெப்டின்' மாவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டத்தை விட்டு வந்து மலிவுவிலை வீடுகளில் குடியேறிய எங்கள் சுங்கை சிப்புட் வட்டார மக்களிடையே, பிள்ளை இல்லாத பெண்களாகப் பார்த்து 'லெப்டின் மாவு' என்று ஒன்றை அண்மைக் காலமாக விற்று வருகிறார்கள். வெறும் வயிற்றில் வெந்நீரில் கலக்கிக் குடித்தால் உடம்பு இளைத்து, மாதவிலக்கு சீராகி, கரு தங்கிவிடுமாம். ஒரு டின்னின் விலை, செம்பனைக் குலை வெட்டுபவரின் பல நாள் சம்பளம். ஓய்வுபெற்ற தாதி என்ற முறையில் இதுபற்றிச் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

லெப்டின் கட்டிவிட்ட கதையன்று. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் 1994இல் அடையாளம் கண்ட ஹார்மோன் அது. நம் உடலின் கொழுப்புத் திசுவே அதைச் சுரக்கிறது. கொழுப்புக் கூடினால் அதுவும் கூடும், குறைந்தால் குறையும். உடலில் சேமிப்பு எவ்வளவு என்பதை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அறிய உதவுவதும் அதுவே. கருவைச் சுமப்பதற்கும் பாலூட்டுவதற்கும் பெருஞ்சத்து செலவாகும் என்பதால், சேமிப்புப் போதாதபோது ஹைப்போதலாமஸின் தூண்டுதல் தளர்ந்து, பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்கு அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களும் குறைந்து, முட்டை வெளியாவது நின்றுவிடுகிறது. கல்யாணச் சேலை எடுப்பாக இருக்க வேண்டுமென்று சோற்றை அறவே விட்டு, ஒரு குவளை மைலோவில் நாளைக் கடத்தும் பெண்ணுக்கு விலக்கு நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். வீட்டிலோ கண்ணேறு கழிப்பார்கள்.

பிறவியிலேயே லெப்டின் சுரக்காதவர்கள் மிக அரிதாக உண்டு. அடங்காப் பசியால் சிறுவயதிலேயே பெருத்துவிடும் அவர்கள், உரிய வயதில் பூப்படைவதும் இல்லை. ஊசி வழியே லெப்டின் கொடுத்தபோது பசி தணிந்ததோடு, பருவ வயதை எட்டியவர்களிடம் பூப்பும் தொடங்கியது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், எடைக் குறைவாலோ கடும் உடற்பயிற்சியாலோ விலக்கு நின்றுபோன எட்டுப் பெண்களுக்கு லெப்டின் ஊசி போட, மூவருக்கு முட்டை வெளியானது.

இரண்டிலும் கொடுக்கப்பட்டது ஊசி என்பதைக் கவனிக்க வேண்டும். லெப்டின் ஒரு புரதம். வாய்வழி உட்கொண்டால் பருப்பையும் முட்டையையும் போலச் செரித்துப்போகும். தவிர, பருத்த உடலில் லெப்டினுக்குப் பஞ்சமே இல்லை. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஓயாமல் கத்தும் கங்காணியின் குரல் நாளடைவில் யார் காதிலும் ஏறாததைப்போல, அளவுக்கு மீறிய லெப்டினுக்கு மூளை சரிவரச் செவிசாய்ப்பதில்லை. சினைப்பை நீர்க்கட்டியும் (பி.சி.ஓ.எஸ்.) பருமனும் சேர்ந்த பெண்கள் பலருக்கு, உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே விலக்கு சீராவதுண்டு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ கொண்டவர்கள் என்னும்போது, இது வீட்டுக்கு வீடு பேச வேண்டிய விஷயம்.

ஆண்களையும் சேர்த்தே சொல்கிறேன். பருமன் ஆணின் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும், விந்தின் தரத்தையும் பாதிக்கலாம். மருமகளை மட்டும் கோயில் கோயிலாக அலையவிடும் மாமியார்கள், மகனையும் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் பார்க்கும் அரசாங்க கிளினிக்குக்கு முதலில் அனுப்பிவைக்கலாம்.

மலட்டுத்தன்மையைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் வருவதைத் தங்களால் தடுக்க முடியாது. ஆனால் தங்கள் நாளிதழுக்கு இத்தகைய மாவு விளம்பரங்கள் வந்தால், அவற்றை அச்சேற்றுமுன் இச்சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.