கை கட்டி உட்கார்ந்த பையன்

அன்புள்ள மலருக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்டர்வியூவுக்கு வந்த தருமபுரிப் பையன் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான், ஒருதடவைகூட உன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, எதையோ மறைக்கிறான் போல என்றாய். வேண்டாம் என்று எழுதுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு, கண்ணு.

கை கட்டினால் மனதைத் திறக்கவில்லை என்று அர்த்தம் என உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். சரி, நம் ஊரில் கை கட்டுவது எதற்காக? ஒன்றாம் வகுப்பில் டீச்சர் முதலில் சொல்வதே "கையைக் கட்டு, வாயில் விரலை வை" என்பதுதானே. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் என் அறைக்கு வந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். செருப்பை வாசலிலேயே விடுவார்கள். தோளில் கிடந்த துண்டு அக்குளுக்குப் போய்விடும். கை கட்டி, தரையைப் பார்த்தபடிதான் பேசுவார்கள். ஆனால் வீட்டுக் கஷ்டத்தை ஒளிக்காமல் சொன்னதும் அவர்கள்தான். பெரியவர்கள் முன் அப்படிக் கூனிக் குறுகி நிற்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, அது ஒழிய வேண்டும். அதற்காக, அப்படி வளர்க்கப்பட்ட பிள்ளையைக் கள்ளன் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் ஏசி ரூம் குளிருக்கும் கை கட்டியிருக்கலாம்.

கண்ணைப் பார்க்காதவன் பொய் சொல்கிறான் என்பதும் அப்படித்தான். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 200க்கு மேற்பட்ட ஆய்வறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். எதிரில் இருப்பவர் சொல்வது பொய்யா மெய்யா என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வந்துவிடும்.

ஆளைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் சாதாரணமாக எப்படி இருப்பான் என்று முதலில் தெரிய வேண்டும். ஊர், பஸ், சாப்பாடு என்று கொஞ்சம் பேசவிட்டுப் பார். அப்போதும் தலை குனிந்தே இருந்தால் அது அவன் சுபாவம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு மட்டும் தடுமாறினால், அந்த இடத்தில் இன்னொரு கேள்வி கேள். அந்தத் தடுமாற்றமே பதில் ஆகிவிடாது.

முடிந்தால் அவனை மறுபடி கூப்பிடு. எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் செய்த புராஜெக்ட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல். தமிழிலேயே விளக்கட்டும். வேலை தெரியவில்லை என்றால் அதையே காரணமாக எழுது, அவன் கையை எழுதாதே. என்ன முடிவு செய்தாய் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அப்பா