தவளைகளை என்ன செய்வது?

அன்புள்ள பாப்பா,

இங்கே டோக்கியோவில் நானும் அம்மாவும் நலம். தையல் மிஷினை உன் அறைக்குக் கொண்டுபோகிறாள். அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. "அந்த பிஸ்கட் டின்னை அப்படியே தூக்கிப் போட்டுடுங்கப்பா" என்று போனில் சொல்லிவிட்டாய். மியூனிக்கில் உட்கார்ந்துகொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எரிகிற குப்பை எது, எரியாத குப்பை எது என்று பிரிக்க வேண்டியவன் நான். பிரிக்கத்தான் திறந்தேன். மதியம் உட்கார்ந்தவன், அம்மா காபிக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

மொத்தம் 43 பொம்மைகள். எல்லாம் காசு போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் உருண்டைக்குள் பொம்மை விழுகிற கச்சாபோன் மெஷினில் நீ எடுத்தவை. கட்டைவிரல் நகத்தளவு சுஷித் தட்டு, தலை கழன்ற அல்ட்ராமேன், ஒரு கால் இல்லாத பென்குயின், நிஜமாகவே வாய் திறக்கிற தபால்பெட்டி. பொம்மை இல்லாத வெறும் உருண்டைகள் 9. அவற்றையெல்லாம் எதற்கு வைத்திருந்தாய்? மெஷின் பக்கத்திலேயே உருண்டையைப் போட ஒரு கூடை வைத்திருப்பார்களே.

நிஷி-கசாய் ஸ்டேஷனை ஒட்டிய சூப்பர்மார்க்கெட் வாசலில் இரண்டு அடுக்காக எட்டு மெஷின்கள் இருந்தன. அப்போது உனக்கு ஐந்து வயது. மற்ற பிள்ளைகள் அப்பா கையைப் பிடித்து இழுக்கும். நீ இழுக்க மாட்டாய், நின்றுவிடுவாய். ஒரு சுற்றுக்கு 200 யென். எதைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்குகிற வியாதி எனக்கு அப்போது இன்னும் தீரவில்லை. 80 ரூபாய்க்கு மேல் வந்தது. அந்தக் காசுக்கு ஒரு ரப்பர் துண்டு, அதுவும் என்ன வரும் என்று தெரியாமல்! ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது என்று சட்டம் போட்டேன்.

என் சந்தேகத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஓர் அட்டை தொங்கும். வரிசை வரிசையாகக் காகிதப் பொட்டலங்கள் ஒட்டியிருக்கும். ஐந்து பைசா கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே நம்பர். அந்த நம்பரில் என்ன மாட்டியிருக்கிறதோ அது நமக்கு. உச்சியில் ஒரு பெரிய பலூன். அட்டை முழுக்கக் கிழிந்த பிறகும் அது யாருக்கும் விழுந்ததில்லை. அந்த நம்பரைக் கடைக்காரர் முதல் நாளே எடுத்துக் கல்லாவில் போட்டுவிடுவார் என்பது எனக்குப் பன்னிரண்டு வயதில்தான் தெரிந்தது.

ஆனால் இந்த மெஷினைக் குனிந்து பார்க்கப் பார்க்க எனக்குப் பிடித்துப் போயிற்று. ஒயர் இல்லை, பிளக் இல்லை. சரியான அளவு நாணயம் உட்கார்ந்தால்தான் பூட்டு விடும், கைப்பிடி சுற்றும். அடியில் ஓட்டை போட்ட ஒரு தட்டு கூடவே சுழன்று, ஓட்டைக்குள் இறங்கிய உருண்டையை வாசலுக்குத் தள்ளிவிடும். 'கச்சா' என்பது கைப்பிடியின் சத்தம், 'போன்' என்பது உருண்டை விழும் சத்தம். நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் 'கடகடபொத்' என்றிருக்கும். "பாப்பா வாராவாரம் கச்சா வாங்குகிறாள்" என்று ஊருக்கு எழுதினேன். உன் தாத்தா போன் செய்து, எண்ணெய் வியாபாரத்தில் இறங்கிவிட்டேனா என்று கேட்டார்.

நேற்று டின்னை மடியில் வைத்துக்கொண்டே இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். எல்லாம் ஆரம்பித்தது நம் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில், குராமாயேயில். 1965-ல் பென்னி ஷோகாய் என்ற கம்பெனியின் ரியூஸோ ஷிகெதா அமெரிக்காவிலிருந்து மெஷின்களை இறக்கியிருக்கிறார். அங்கே சூயிங்கம் மெஷின்களில் போடும் குட்டிப் பொம்மைகள் அதுவரை ஜப்பானில் தயாராகிக் கப்பலேறிக்கொண்டிருந்தனவாம். பொம்மை நம்முடையது, மெஷினும் இங்கேயே இருந்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அன்றைக்கு ஒரு சுற்று 10 யென். 1977-ல் பண்டாய் என்ற பொம்மைக் கம்பெனி நுழைந்தபோது ஒரேயடியாக 100 யென் வைத்தார்கள். 1983-ல் வந்த கின்னிகுமான் காமிக்ஸ் மல்யுத்த வீரர்களின் ரப்பர் பொம்மை மட்டும் சுமார் 18 கோடி விற்றிருக்கிறது. அன்றைய ஜப்பானின் ஜனத்தொகையே 12 கோடிதான். ஞாயிறுக்கு ஒன்று என்று சட்டம் போட்ட அப்பாக்கள் அப்போது அதிகம் இல்லை போலிருக்கிறது.

சரி, தவளைக்கு வருகிறேன்.

பெரிய பூகம்பம் வந்த 2011 மார்ச் 11 அன்று ரயில் எல்லாம் நின்று, ஓத்தெமாச்சி ஆபீஸிலிருந்து நான்கு மணி நேரம் நடந்து, கசாய் பாலத்தில் அரகாவா ஆற்றைக் கடந்து வீடு வந்து சேர்ந்தேன். உனக்கு ஏழு வயது. சட்டை மேல் சட்டையாகப் போட்டுக்கொண்டு மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகு வந்த வாரங்கள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி இல்லை, தண்ணீர் இல்லை, பேட்டரி இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பாதி விளக்குகளை அணைத்து வைத்திருந்தார்கள். ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் ஓடவில்லை. குளிர்பான மெஷின்கள்கூட விளக்கில்லாமல் இருட்டாக நின்றன. வாசலில் இந்த எட்டு மட்டும் எப்போதும்போல நிறைந்து நின்றன. அவற்றுக்குத்தான் மின்சாரமே தேவையில்லையே. அன்று செவ்வாயோ புதனோ. சட்டத்தை மீறி இரண்டு நாணயம் கொடுத்தேன்.

தவளை வரிசை, ஆறு வகை. குடை பிடித்தது, கிதார் வாசிப்பது, தர்பூசணி தின்பது, மற்ற இரண்டு ஞாபகமில்லை. ஆறாவது, இலையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிற தவளை. நிலம் இன்னும் அடிக்கடி ஆடிக்கொண்டிருந்ததால் நீ ராத்திரியில் தூங்காமல் விழித்திருந்த நாட்கள் அவை. உனக்கு அந்தத் தூங்குகிற தவளைதான் வேண்டும். குடைத் தவளை விழுந்தது. நீ அழவில்லை, "பரவாயில்லை" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாய். அடுத்த மாதம் மெஷினில் வேறு வரிசை வந்துவிட்டது. இந்த ஊரில் ஒரு வரிசை போனால் போனதுதான், பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை.

அப்புறம் 2021 இலையுதிர்காலம். கியோட்டோவில் ஓவியம் படிக்கப் போகிறேன் என்றாய். நான் கம்ப்யூட்டர் என்றேன். ஃபீஸ் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். நீ அந்தப் பேப்பரைப் பார்க்காமல் ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாய். 'ஓயா கச்சா.' ஓயா என்றால் பெற்றோர், அது எனக்குத் தெரியும். ஏதோ பொம்மை வேண்டும் என்கிறாய் என்று நினைத்து நான் சிரித்தேனே, அதுதான் உனக்கு இன்னும் கோபமாக இருந்திருக்கும். வருடக் கடைசியில், அந்த ஆண்டு அதிகம் அடிபட்ட முதல் பத்து வார்த்தைகளில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதுதான் அர்த்தம் படித்தேன். பிள்ளை கைப்பிடியைச் சுற்றுகிறது, எந்த அப்பா அம்மா விழுகிறார்களோ அதோடு வாழ வேண்டியதுதான். அம்மாவிடம் சொல்லவில்லை. நான் போட்டது ஃபீஸ் கணக்கு மட்டும்தான். அது சரியான கணக்கா என்று இப்போதும் சில ராத்திரிகளில் மறுபடி போட்டுப் பார்க்கிறேன், விடை ஒரே மாதிரி வருவதில்லை. உன்னிடம் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும்.

அம்மா எப்படி மாறிவிட்டாள் பார்த்தாயா? உன்னைத் திட்டியவள்தான். 2012-ல் கோப்பை விளிம்பில் தொங்குகிற ஆபீஸ் பெண் பொம்மை வந்ததே, ஃபுச்சிகோ, அதில் ஒன்று இன்னும் அவள் ஃபில்டர் காபி டம்ளரில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. டம்ளரின் விளிம்பு வளைந்திருப்பதால் வழுக்கி வழுக்கிக் காபியில் விழும். போன மாதம் இகெபுகுரோ சன்ஷைன் சிட்டியிலுள்ள கச்சாபோன் கடைக்கு அவளே கூட்டிக்கொண்டு போனாள். 2021-ல் திறந்தபோது 3,010 மெஷின்களோடு கின்னஸில் ஏறிய இடம். மனிதன் அங்கே எதைத்தான் பார்ப்பது? எட்டு மெஷின் இருந்தபோது நீ கால் மணி நேரம் யோசிப்பாய். 300, 400, 500 என்று விலை ஏறிக் கிடக்கிறது. சுற்றுகிறவர்களில் பாதிப் பேர் ஆபீஸ் போகிற வயதுக்காரர்கள். அம்மா 500 யென் போட்டு ஒரு குட்டி ரைஸ் குக்கர் வாங்கினாள். அதற்கு மூடி திறக்கிறது.

இனி உனக்குத் தெரியாதது. ஆபீஸில் எங்கள் பிரிவு மாடி மாறியது. டிராயரைக் காலி செய்ததில் அடியில் ஒரு கவர் வந்தது. அதில் ஏழு தவளைகள். அந்த ஏப்ரலில், ரயில் இறங்கி வரும்போது, இரண்டு நாளைக்கு ஒரு முறை சுற்றினேன். தூங்குவது விழுந்தால் உன் தலையணைக்கு அடியில் வைக்கலாம் என்று திட்டம். கிதார் மூன்று, தர்பூசணி இரண்டு, குடை இரண்டு. ஏற்கனவே கிடைத்ததே திரும்ப விழுந்தால் நீங்கள் 'தபுரி' என்பீர்களே, எல்லாம் அதுதான். எட்டாவது தடவை போனபோது மெஷினில் ரயில் பெட்டிகள் இருந்தன. வீட்டில் காட்ட முடியவில்லை, சட்டம் போட்டவன் நான்தானே. ஆறும் சமமாக இருந்தால், ஏழு தடவை சுற்றியும் ஒரு குறிப்பிட்ட தவளை வராமல் போக 100-க்கு 28 வாய்ப்பு இருக்கிறது. கணக்கை அன்றைக்கே ரயிலில் போட்டேன். மெஷின் மேல் தப்பில்லை. பெட்டிக்கடைக்காரர் போல இவர்கள் எடுத்து ஒளித்து வைக்கவில்லை என்றுதான் நம்புகிறேன்.

இப்போது டின்னில் மொத்தம் 50. தபால்பெட்டியையும் சுஷித் தட்டையும் அம்மா எடுத்துக்கொண்டாள், கேட்டால் கொடுக்க மாட்டாள். மற்றவற்றை மியூனிக்குக்கு அனுப்பவா, போட்டுவிடவா? தவளைகளையும் சேர்த்துச் சொல். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள் குப்பையைக் கீழே வைக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா