பா-சாக்ஸ் கதை எழுதக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

பட்டக்கெட் ரெட் சாக்ஸ், ஊர்க்காரர்கள் வாயில் பா-சாக்ஸ், பற்றி நான் எழுதி வந்த கட்டுரைத் தொடர் ஒருவழியாக முடிந்துவிட்டது. அமெரிக்காவிலேயே ஆகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட், அதில் ஒரு பழைய நூற்பாலை ஊர், அந்த ஊரின் மைனர் லீக் பேஸ்பால் அணி, அதுவும் இப்போது அங்கே இல்லாத அணி. இதைத் தமிழில் யார் படிக்கப் போகிறார்கள் என்று வீட்டிலேயே கிண்டல் செய்தார்கள். படித்தீர்கள், கேள்வி கேட்டுக் குடைந்தீர்கள், திருத்தமும் அனுப்பினீர்கள். உங்களுக்கும், எழுதக் கை கொடுத்தவர்களுக்கும் பொதுவில் நன்றி சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் பக்கத்து வீட்டுத் தாத்தா. பா-சாக்ஸின் சொந்த மைதானமான மெக்காய் ஸ்டேடியத்துக்குச் சின்ன வயதிலிருந்து போனவர். 1942இல் திறந்த அந்த மைதானம் சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டியது என்பதைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம், அதற்குத் தாத்தா வேண்டாம். ஆனால் பிள்ளைகள் கையெழுத்துக்குத் 'தூண்டில்' போட்ட கதையை அவர்தான் செய்தே காட்டினார். அங்கே வீரர்கள் உட்காரும் டக்அவுட் ரசிகர்களின் இருக்கைக்கு நேர் கீழே இருந்தது, எட்டிப் பார்த்தாலும் முகம் தெரியாது. அதனால் பிளாஸ்டிக் பால் கேனில் பெரிய ஓட்டை வெட்டி, உள்ளே ஒரு பந்தும் பேனாவும் போட்டு, கயிற்றில் கட்டி மெல்லக் கீழே இறக்குவார்களாம். கயிறு ஆடினால் கீழே யாரோ பந்தை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், உடனே இழுக்கக் கூடாது, பொறுமை வேண்டும். தாத்தா சமையலறைக் கேனை வெட்டி, மாடிப்படியிலிருந்து இறக்கிக் காட்டிய அன்று அவர் மனைவி திட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. பாட்டி, மன்னிக்கவும், அந்தக் கேனுக்கும் நன்றி.

அப்புறம், மைனர் லீக் என்றால் என்னவென்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்ன நண்பன். ரஞ்சியில் ஆடுகிறவன் இந்திய அணிக்குப் போகிற மாதிரிதானே என்று கேட்டேன். பாதி சரி, மீதி தப்பு என்றான். பா-சாக்ஸில் ஆடியவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது பெரிய லீக்கில் ஆடும் பாஸ்டன் ரெட் சாக்ஸ், யாரை எப்போது மேலே கூப்பிடுவது என்று முடிவு செய்ததும் பாஸ்டன். பட்டக்கெட் முதலாளி கையில் இருந்தது நாற்காலி, விளக்கு, தின்பண்டக் கடை, டிக்கெட் விலை, அவ்வளவுதான். நன்றாக ஆடுகிறவன் எவனோ அவன்தான் முதலில் ஊரை விட்டுப் போவான். 1974இல் ஜிம் ரைஸ் இங்கே அடித்து நொறுக்கிவிட்டு பாஸ்டனுக்குப் போனார், பின்னால் ரோஜர் கிளெமென்ஸும் அதே வழியில்தான் போனார். இது புரிந்த பிறகுதான் எனக்குத் தொடரே பிடிபட்டது. ஆட்டக்காரனை நம்பி ஓட்ட முடியாத வியாபாரம் இது!

பென் மாண்டோர் அதைப் புரிந்துகொண்டவர். இன்று அவர் இல்லை, 2010இல் காலமானார், ஆனாலும் நன்றிப் பட்டியலில் அவர் பெயரை விட மனம் வரவில்லை. கனடாவில் பிறந்து ரோட் ஐலண்டின் வூன்சாக்கெட்டில் வளர்ந்த ஜவுளித் தொழிலதிபர். 1977இல் திவாலாகிக் கிடந்த அணியை எடுத்தார். அந்த வருஷம் அணி லீக்கில் முதலிடம், ஆனால் சீசன் முழுக்க வந்த கூட்டம் சுமார் 70,000தான். ஜெயித்தாலும் ஆள் வரவில்லை என்றால் வேறு என்ன செய்வது? அணி நிர்வாகி மைக் டம்புரோவைக் கூட வைத்துக்கொண்டு இடத்தைச் சுத்தமாக்கினார், டிக்கெட் விலையை ஏற விடவில்லை, வண்டி நிறுத்தக் காசு வாங்கவில்லை, குடும்பத்தோடு பயமில்லாமல் வரலாம் என்று பேர் வாங்கினார். 2005இல் ஒரே சீசனில் 6,88,421 பேர். நான் பார்த்த முதலாளிகளில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை கிடையாது, அதை இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன்.

பொது நூலகத்தில் பழைய செய்தித்தாள் மைக்ரோஃபிலிமை முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்த அம்மாவுக்கும் நன்றி. 33 இன்னிங்ஸ் ஆட்டத்தைத் தேடித்தான் போனேன். பேஸ்பால் ஆட்டம் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியும், சமநிலையில் இருந்தால் ஒருவர் ஜெயிக்கும் வரை நீளும். 1981 ஏப்ரல் 18, ராச்செஸ்டர் ரெட் விங்ஸுடன். நள்ளிரவு 12:50க்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்ற விதி, அந்த வருஷம் நடுவர்கள் கையில் இருந்த கையேட்டில் விட்டுப் போயிருந்தது. ஆகவே ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. குளிர் தாங்காமல் உடைந்த மட்டைகளை டிரம்மில் போட்டு எரித்தார்கள். பா-சாக்ஸ் மேனேஜர் ஜோ மார்கனை 22ஆவது இன்னிங்ஸில் நடுவர் வெளியேற்றிவிட, அவர் ஓட்டை வழியாக ஒளிந்து பார்த்தாராம். லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, 32 இன்னிங்ஸ் முடிந்து, ஈஸ்டர் விடியலில் 4:07க்கு நிறுத்தியபோது பார்வையாளர்கள் 19 பேர். பா-சாக்ஸின் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், லூயிஸ் அபோன்டே வீட்டுக்குப் போனால் மனைவி நம்பவில்லை, நாளைக்குப் பேப்பரில் பார் என்றாராம். பேப்பரோ ஆட்டம் முடிவதற்குள் அச்சுக்குப் போய்விட்டது. ஜூன் 23இல் மிச்சத்தை ஆடினார்கள், 18 நிமிஷத்தில் டேவ் கோசா அடித்த அடியில் மார்ட்டி பாரெட் ஓடி வந்து 3-2 என்று பா-சாக்ஸ் ஜெயித்தது. பெரிய லீக்கில் அப்போது வேலைநிறுத்தம், எழுத வேறு பேஸ்பால் இல்லாததால் நாடு முழுக்க இருந்து நிருபர்கள் வந்து குவிந்தார்கள். இரண்டு பக்கமும் ஆடியவர்களில் வேட் பாக்ஸும் கேல் ரிப்கனும் பின்னால் பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். என் நன்றி என்னவோ கையேட்டில் அந்த வரியை விட்டவருக்குத்தான்.

கடைசிப் பகுதியைப் படித்துவிட்டுக் கோபப்பட்ட நண்பர்களே, எனக்கும் வருத்தம்தான். 2015இல் அணி கைமாறியது, ரோட் ஐலண்டின் தலைநகரான பிராவிடன்ஸில் புது மைதானம் என்று பேச்சு வந்து நின்றுபோனது, 2018இல் மாசசூசெட்ஸின் வூஸ்டருக்குப் போவதாக அறிவித்தார்கள். 2020 சீசன் கொரோனாவில் போனதால் மெக்காயில் வழியனுப்பு ஆட்டம்கூட நடக்கவில்லை. அந்த வருஷம் புல்தரையில் மேசை போட்டு மக்களுக்குச் சாப்பாடு பரிமாறினார்கள். யார் குற்றம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை என்று திட்டியவர்களுக்கும் நன்றி, திட்டிக்கொண்டே கடைசி வரி வரை படித்திருக்கிறீர்கள்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 1946 முதல் 1949 வரை இதே மெக்காயில் ஆடிய பட்டக்கெட் ஸ்லேட்டர்ஸ் பற்றித் தனியாக எழுத ஆசை. ஊரில் நூற்பாலை வைத்த சாமுவேல் ஸ்லேட்டர் பெயரைத் தாங்கிய அணி. அந்தக் காலத்து ஸ்கோர் அட்டை, புகைப்படம், டிக்கெட் துண்டு எது உங்கள் பரணில் கிடந்தாலும் சொல்லுங்கள். தபால் செலவு என்னுடையது, பத்திரமாகத் திருப்பித் தருவேன்.