சீசன் முடியட்டும் என்றேன்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

புனேயில் மழை பிடித்துவிட்டது என்றாய். இங்கே பெங்களூரா மாங்காய் இறங்க ஆரம்பித்துவிட்டது. சந்தூர் பக்கமிருந்து ராத்திரியெல்லாம் டிராக்டர்கள் போகின்றன. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னமும் தூக்கம் வருவதில்லை.

உங்கள் ஆலையில் மின்சார வண்டி பாகங்களுக்குப் புது உற்பத்தி லைன் போடுவதை ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறோம், நிலவரம் தெளியட்டும் என்று போனில் சொன்னாய். தள்ளிவைத்தது தப்பில்லை. அந்த ஆறு மாதமும் அதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று கேட்டேன். நீ பேச்சை மாற்றிவிட்டாய்.

நான் மாங்கூழ் ஆலையில் மேனேஜராக இருந்தபோது எங்களுக்கு எல்லாமே டின்தான், டின்னுக்கு 3.1 கிலோ. எங்களிடம் வழக்கமாக வாங்கும் ஏற்றுமதிக்காரர் ஒருவர், இனிமேல் அசெப்டிக் பையில், அதாவது கிருமி நீக்கிய பையில் அடைத்து, 200 கிலோவுக்கு மேல் பிடிக்கும் டிரம்மில் வேண்டும் என்று எழுதினார். மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கி மேசை டிராயரில் வைத்தேன். சீசன் முடியட்டும் என்றேன். சீசனில் வாசலில் வண்டி வரிசை நிற்கும், விவசாயி விலை கேட்டு நிற்பார், கரண்ட் போகும், பாய்லர் மக்கர் பண்ணும். சீசன் முடிந்தால் பாங்க் வட்டி, விற்காத டின். அதற்குள் அடுத்த மே வந்துவிடும்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. முதலாளி கேட்டபோதெல்லாம் ரிஸ்க் அதிகம் என்றேன். அது உண்மையில்லை கண்ணு. ரிஸ்க் எவ்வளவு என்று ஒருநாள்கூட உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. பார்க்காமல் விட்டதற்கு ஜாக்கிரதை என்று பேர் வைத்துக்கொண்டேன். பத்து டன் கூழை வேறொருவர் ஆலையில் கூலிக்கு அடைத்து அனுப்பிப் பார்த்திருக்கலாம். சின்னச் செலவில் பாதி சந்தேகம் தீர்ந்திருக்கும். அந்த யோசனை வரக்கூட எனக்கு ஒரு சாவகாசமான மத்தியானம் கிடைக்கவில்லை. நாலாவது வருஷம் அந்த ஏற்றுமதிக்காரர் சித்தூர் பக்கத்து ஆலைக்குப் போய்விட்டார்.

தகவல் பெருகப் பெருக கவனம்தான் பஞ்சமாகும் என்று பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே சொல்லிவிட்டார். நிர்வாகவியல் ஆய்வாளர் வில்லியம் ஒகாசியோ 1997-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்: மேனேஜர் எதைப் பார்க்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் முடிவு, எதைப் பார்ப்பார் என்பதை அந்தக் கம்பெனியின் மீட்டிங்கும் ரிப்போர்ட்டும் ஏற்பாடுகளுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்று. ரிட்டையர் ஆனபின் இதைப் படித்தபோது என் டிராயர்தான் ஞாபகம் வந்தது.

உன் திங்கட்கிழமை மீட்டிங்கில் என்ன வருகிறது? ரிஜெக்‌ஷன், டெலிவரி, ஓவர்டைம். புது லைன் அதில் எங்கே இருக்கிறது? என்ன ஆர்டர் வந்தால் லைன் போடுவோம், என்ன நடந்தால் கைவிடுவோம் என்று இப்போதே ஒரு தாளில் எழுது. அன்றாட உற்பத்தியில் சிக்காத ஒருவரிடம் அதைக் கொடு. மாதம் ஒருநாள் அதை மட்டும் பேசுங்கள், அன்றைக்கு லைன் நின்றாலும் சரி. கடைசி வரியைத்தான் உன்னால் செய்ய முடியாது என்று பயப்படுகிறேன், நீ என் மகள்.

ஜூலையில் வரும்போது அந்தத் தாளைக் கொண்டுவா, சேர்ந்து பார்க்கலாம். அம்மா உனக்காக ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா