பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளில் பெட்டகத்துக்குள் கிடக்கும் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்த ஏடு, மொய்ப்பண ஏடு, பேரேடு போன்றவற்றைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்ற இளைஞர்கள் முன்வந்திருப்பது பெரிதும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் காரைக்குடியில் அப்படியொரு பணியில், லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் வழங்கிக் கணினியின் (சர்வர்) கருப்புத் திரையில் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரிந்ததைக் கண்டு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) முறையைக் கைவிட்டுப் பழைய பாமினி எழுத்துருவிலேயே அடிப்பது என்று முடிவெடுத்திருப்பது கவலை அளிக்கிறது.

அந்தத் திரையில் தமிழ் சரியாகத் தெரியாததற்குக் காரணம் கோப்பு அல்ல, திரைதான். படங்களோ சாளரங்களோ இன்றி எழுத்தை மட்டுமே காட்டும் அந்த முனையத்தின் (டெர்மினல்) எழுத்துருவில் 256 அல்லது அதிகபட்சம் 512 வடிவங்களே அடங்கும். ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்பது அதன் கணக்கு. 'கெ' என்ற எழுத்தில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்பட்டிருக்க, கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டும் வேலையை அது செய்யாது. தமிழ் எழுத்துருவை ஏற்றினாலும் இந்தக் குறை தீராது. அதே கோப்பை, சாளரங்களோடு கூடிய வழக்கமான வரைகலைச் சூழலில், ஒருங்குறியைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 (UTF-8) குறியேற்றத்தில் திறந்தால் ஓரெழுத்தும் பிசகாமல் இருப்பதைக் காணலாம்.

பாமினியில் அடித்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும்; உள்ளே தமிழ் இருக்காது. 'தமிழ்' என்று அடித்த சொல், கோப்பில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க முடியாது. ஒருவரின் விலாசத்தையோ ஊர்ப் பெயரையோ தமிழில் தட்டித் தேடினாலும் அகப்படாது. ஏடுகளைக் கணினியில் ஏற்றுவதே தேடி எடுப்பதற்காகத்தானே!

விசைப்பலகைக்கு 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 என்ற விசை அமைப்பு இருக்கிறது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த இதில், ககரத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். பழகியவர்களுக்கு வேகமும் கூடும். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் முனையத்தின் விசை அட்டவணையைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, வரைகலைச் சூழலில் ஐபஸ் (IBus) போன்ற, தமிழில் தட்டச்சு செய்ய உதவும் உள்ளீட்டு மென்பொருளில் இதைத் தேர்ந்தெடுத்து அடிப்பதே எளிது.

ஏடுகளைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் குடும்பத்தாரும் கோயில் நிர்வாகத்தாரும், கோப்புகள் ஒருங்குறியில், யூடிஎஃப்-8 வடிவில்தான் வர வேண்டும் என்பதைப் பணியை ஒப்படைக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். பாமினியில் ஏற்கெனவே அடித்தவற்றை மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றியபின் பெயர்களையும் தொகைகளையும் மூல ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.