பழைய பேட்டரியை வாங்கிக்கொள்ளும் கடமை கடைக்கு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேட்டரிக் கழிவு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று அதை முடித்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் விழிப்புணர்வு என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. தீர்ந்துபோன பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது இந்தியச் சட்டப்படி முதலில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் வேலை. கட்டுரையில் அது ஒரு வரியாகக்கூட வரவில்லை.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்தான் இப்போது நடப்பில் உள்ளன. அதற்கு முந்தைய 2001 விதிகள் வாகனம், இன்வெர்ட்டர் போன்றவற்றில் இருக்கும் லெட் ஆசிட் (ஈயமும் அமிலமும் கொண்ட) பேட்டரிகளுக்கு மட்டுமே. இப்போது ரிமோட்டில் போடும் பென்சில் செல் முதல் மின்சார வாகன பேட்டரி வரை எல்லாமே விதிக்குள் வந்துவிட்டன. ராணுவ, விண்வெளிக் கருவிகளுக்குத்தான் விலக்கு. யாரோ தயாரித்ததைத் தன் பிராண்டில் விற்பவரும், பேட்டரியோடு வரும் பொம்மையை இறக்குமதி செய்பவரும்கூட 'உற்பத்தியாளர்' கணக்கில்தான் வருவார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அவர்கள் பதிவு செய்தாக வேண்டும். கழிவைக் குப்பைமேட்டில் கொட்டவோ எரிக்கவோ கூடாது. மறுசுழற்சி செய்யும்போது சிறிய பேட்டரிகளிலிருந்து 2024-25இல் குறைந்தது 70 சதவீதப் பொருளை மீட்க வேண்டும் என்று தொடங்கி, 2026-27இல் அது 90 சதவீதமாகிறது. தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு உண்டு. பணத்தைக் கட்டிவிட்டோம், ஆளை விடுங்கள் என்று நழுவ முடியாது. நிறைவேற்றாத கடமை மூன்று ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து வரும். நன்றாக யோசித்து எழுதிய பகுதி இது.

சரி, ஓட்டை எங்கே? கடையில்.

2001 விதிகளில் பேட்டரி விற்பவருக்கு என்று தெளிவான கடமைகள் இருந்தன. புதியதை விற்கும்போது பழையதைத் திரும்பப் பெற வேண்டும், அதற்குத் தள்ளுபடி தர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தயாரிப்பு நிறுவனத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 2022 விதிகள் யார் யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியலில் விற்பனையாளரும் இருக்கிறார். ஆனால் உற்பத்தியாளர், நுகர்வோர், சேகரிப்பவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என்று ஒவ்வொருவர் கடமையையும் தனித்தனியாகச் சொல்லும் விதிகள், விற்பனையாளரை மட்டும் விட்டுவிட்டன. பழையதைத் திரும்ப வாங்கும் திட்டத்தையோ, வாங்கும்போது கட்டிய தொகையைப் பழையதைத் தந்ததும் திருப்பித் தரும் வைப்புத்தொகைத் திட்டத்தையோ உற்பத்தியாளர் நடத்தலாம் என்கிறார்கள். 'லாம்' தானே, யார் நடத்துவார்கள்?

நுகர்வோருக்கு மட்டும் சலுகை கிடையாது. பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் பிரித்து வைத்து, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும். எங்கே போய் ஒப்படைப்பது? தீர்ந்துபோன செல்களை ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். குப்பைத் தொட்டியைக் கையால் காட்டினார்கள். சட்டப்படி அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை.

வாகன பேட்டரிக்கு இந்தச் சிக்கல் குறைவு என்பார்கள். ஈயத்துக்கு விலை இருப்பதால் அது எப்படியும் கைமாறிவிடும். ஆனால் அதே விலைதான் அதைப் பதிவில்லாத உலைகளுக்கும் இழுத்துப் போகிறது. அங்கே அமிலத்தை மண்ணில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் உருக்கி எடுப்பார்கள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. குழந்தைகளின் மூளைக்கு அது செய்யும் கேடு மீளாதது. சிறிய செல்லுக்கோ காயலான் கடையில்கூட மதிப்பில்லை. அது குப்பை லாரியில் போய் நசுங்குகிறது. லித்தியம் பேட்டரியாக இருந்தால் அங்கேயே தீப்பிடிக்கவும் செய்யும்.

பிரிட்டனில் ஆண்டுக்கு 32 கிலோவோ அதற்கு மேலோ சிறிய பேட்டரி விற்கும் கடை, பழையதை இலவசமாகத் திரும்பப் பெற்றே ஆக வேண்டும். நாளொன்றுக்கு நான்கு செல் கொண்ட ஒரு பாக்கெட் விற்றாலே அந்த அளவு ஏறக்குறைய வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் கடைகள் திரும்பப் பெற வேண்டும் என்கிறது. புதிது வாங்கினால்தான் எடுத்துக்கொள்வோம் என்று நிபந்தனை போட முடியாது.

சிறு கடைக்காரர்கள் இதைச் சுமையாக நினைப்பார்கள். நியாயம்தான். உப்பிய போன் பேட்டரிகளைக் கல்லாவுக்குக் கீழே குவித்து வைக்கச் சொல்வது ஆபத்தும்கூட. அதனால்தான் ஒரு விற்பனை அளவைத் தாண்டியவர்களுக்கு மட்டும் கடமை வைக்க வேண்டும் என்கிறேன். பெட்டியைக் கொடுப்பது, முனைகளில் டேப் ஒட்டச் சொல்லித் தருவது, நிரம்பியதும் வந்து எடுத்துப் போவது எல்லாம் உற்பத்தியாளர் செலவில் நடக்க வேண்டும். இன்று அவர் மறுசுழற்சி நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கித் தன் கடமைக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். அதில் தவறில்லை. எங்கோ மறுசுழற்சி நடந்தது என்பதற்கு அது அத்தாட்சி. ஆனால் அந்தச் சான்றிதழால் நம் தெருவுக்கு ஒரு பெட்டி வந்துவிடாது.

விதியைத் திருத்த நாளாகும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2025 பிப்ரவரியில் வந்த திருத்தம், உற்பத்தியாளரின் பதிவு எண்ணை கியூஆர் கோடாக அச்சிட அனுமதிக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் அருகில் எங்கே பேட்டரியைக் கொடுக்கலாம் என்ற பட்டியலும் திறக்கட்டுமே. தங்கள் இதழில் விளம்பரம் தரும் நிறுவனங்களிடமே இதைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் சேகரிப்பு மையங்களின் முகவரிகளையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதில் வராத நிறுவனங்களின் பெயரையும் போடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்