கடைசி வாங்குக்கும் ஒரு பயிற்சி வேண்டும்

வடக்கு மாகாணத்தில் ஆசிரியர் வாண்மை விருத்திப் பயிற்சிகளைத் திட்டமிடும் அனைவருக்கும்,

வணக்கம். நான் வடமராட்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. பத்தொன்பது வருடச் சேவையில் எத்தனையோ செயலமர்வுகளுக்குப் போய் வந்திருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளையும் சமமாக நடத்துவது பற்றிய ஒருநாள் செயலமர்வும் அதில் ஒன்று. காலையில் கையொப்பம், பத்து மணிக்குத் தேநீரும் ரோல்ஸும், பிறகு திரையில் ஸ்லைடுகள், பின்னேரம் சான்றிதழ். வளவாளர் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. ஆனால் அடுத்த நாள் வகுப்புக்குப் போய், முதல் நாள் எப்படிப் படிப்பித்தேனோ அப்படியேதான் படிப்பித்தேன்.

என்னை மாற்றியது ஒரு தாள். போன தவணை, பக்கத்து வகுப்பு ரீச்சருக்குப் பாடம் இல்லாத நேரமாகப் பார்த்து, என் பத்தாம் தர வகுப்பின் கடைசி வாங்கில் வந்து இருக்கச் சொன்னேன். அவர் கையில் பெயர்ப் பட்டியல். நான் யாரிடம் கேள்வி கேட்கிறேனோ அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். நாற்பது நிமிடம் முடிந்ததும் வாங்கிப் பார்த்தேன். முப்பத்தொரு பிள்ளைகள். கோடுகளில் முக்கால்வாசி முன்னுக்கு இருக்கிற ஏழு பேருக்கு. பதினான்கு பேருக்கு ஒரு கோடுகூட இல்லை. அதில் ஒருவன், விடியப்புறம் கரைக்குப் போய்த் தகப்பனுக்கு வலையிலிருந்து மீன் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருபவன். இன்னொருத்திக்கு வலது காது சரியாகக் கேட்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் காது என் பக்கம் இருக்கும்படி அவளை யன்னலோரம் இருக்க விட்டிருக்கிறேன். பாரபட்சம் பார்க்காதவள் என்று என்னை இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

1920களில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை நிலத்தில் இருத்தினார்கள். சம ஆசனம், சம போசனம் என்று கேட்டுப் போராடித்தான் அவர்களுக்கு வாங்கு கிடைத்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸுக்கும் அதில் பங்குண்டு. வாங்கில் இருக்கிற பிள்ளையிடம் ஆசிரியரின் கேள்வி போய்ச் சேருகிறதா என்பதைச் சுற்றறிக்கை அனுப்பிக் கண்டுபிடிக்க முடியாது. ஆள் வந்து இருந்து பார்க்க வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன், இந்தப் பயிற்சியை மண்டபத்திலிருந்து வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள்ளேயே இரண்டிரண்டு ஆசிரியர்களாக ஒரு தவணை முழுக்க ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கலாம். செலவென்று பெரிதாக ஒன்றும் வராது. நேரசூசியில் வாரத்துக்கு ஒரு பாடவேளையை விடுவித்துத் தந்தால் போதும். ஆசிரிய ஆலோசகர்களும் வரட்டும், ஆனால் கூடப் படிப்பிக்கிறவராக வரட்டும். அந்தத் தாள் எவருடைய கோவைக்கும் போகக் கூடாது. போகும் என்று தெரிந்தால் அன்றைக்கு எல்லாரும் எல்லாப் பிள்ளைகளிடமும் கேள்வி கேட்போம், அடுத்த நாள் பழையபடி ஆகிவிடும்.

பயிற்சியில் என்ன சொல்லித் தரலாம்? கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பதை முதலில் வையுங்கள். மேரி பட் றோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள். மூன்று செக்கன் பொறுத்தால் பதில்கள் நீளுகின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். விடைத்தாள் திருத்தும்போது பெயரை மறைத்து, முதலில் எல்லாருடைய முதலாம் கேள்வியையும், பிறகு எல்லாருடைய இரண்டாம் கேள்வியையும் திருத்துவது இன்னொன்று. நல்ல பிள்ளை என்ற எண்ணம் புள்ளிக்குள் போகாது. அப்புறம், விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகளைச் செய்து கொடுக்கிறது. இதை ஒவ்வொரு வகுப்பாசிரியரும் தெரிந்துவைத்திருந்து, படிவத்தைத் தேடிப் பெற்றோர் அலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தாளுக்கு அடுத்த கிழமை மிதத்தல் பாடம். கரைக்குப் போய் வருகிற பையனிடம் கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று வரை எண்ணினேன். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. "ரீச்சர், மீன் ஏத்தினாப் பிறகு வள்ளம் இன்னும் தாழும். அப்ப கூடத் தண்ணியத் தள்ளும். அதாலதான் மிதக்குது" என்றான். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நாங்கள் இன்னும் திறக்கவேயில்லை.

அடுத்த வருடப் பயிற்சித் திட்டத்தை எழுத முன் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். கடைசி வாங்கில் இடம் இருக்கிறது. பெயர்ப் பட்டியலும் பென்சிலும் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
வடமராட்சி ஆசிரியை ஒருவர்